பாதி வீடு

கிளேஸ் பேயில் நான் வாங்கியது
ஒரு வீட்டின் இடது பாதி.
சுரங்கக் கம்பெனி அந்நாளில்
இரட்டை இரட்டையாய்க் கட்டிப்போட்ட மரவீடுகள்.
வலது பாதி தெரசா கில்லிஸினுடையது.
பச்சை. அதாவது, ஒரு காலத்தில் பச்சை.
என் பக்கம் என்ன நிறமென்று
விற்றவருக்கே தெரியவில்லை.

வீட்டைக் கட்டிப்பார் என்றார்கள்.
யாரோ கட்டியதைப் பிரித்துப்பார் என்று
ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

இரவுப் பணி முடிந்து வந்து
நான்கு மணி நேரம் தூங்கி எழுந்தால்
நாளைக்கு ஒரு முழம் சுவர்.
அதுதான் என் வேகம்.
ஜூனில் சமையலறைக் கதவு.
ஜூலை முழுக்க அதே கதவு.
மரம் ஈரத்துக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும்;
நான் இழைத்ததோ மழைநாளில்.
ஆகஸ்டில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே
தோசைக்கரண்டி போய்வரும் சந்து.

தரை கிழக்கே சாய்கிறது.
கைதவறிய மிளகெல்லாம்
அடுப்படியிலிருந்து ஊர்வலம் கிளம்பி
கூடத்தின் ஒரே மூலையில் கூடும்.
பெருக்க வசதி என்று விட்டுவிட்டேன்.

காயத்துக்குக் கட்டுப்போட்டே பழகிய கை.
ஜிப்சம் பலகைகளின் இணைப்பில்
வலைநாடாவை அழுத்தி ஒட்டும்போது
"ஒண்ணுமில்ல, வலிக்காது" என்கிறது வாய்,
தானாக.

மாடி ஜன்னல் மட்டும் ஓர் அங்குலம் கோணல்.
மட்டப்பலகை வைத்தேன்;
குமிழி ஒரு ஓரமாய்ப் போய் நின்றுகொண்டது,
வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன்போல.
அஸ்திவாரமே இறங்கிவிட்டதோ என்று
இரண்டு நாள் பயந்து
மூன்றாம் நாள் காரையைப் பெயர்த்தேன்.
உள்ளே மரப்பட்டியில்
பென்சிலால் ஒரு கூட்டல்:
பதினேழும் எட்டும் இருபத்தாறு.

அவ்வளவுதான் விஷயம்.
ஒரு கால் இருபத்தைந்து, மறுகால் இருபத்தாறு.
பசியோ, விரல் விறைத்த குளிரோ,
எண்ணும்போது எவனாவது பேச்சுக் கொடுத்தானோ,
நூறு வருஷமாய் அந்த ஜன்னல்
தெருவைத் தலைசாய்த்துப் பார்க்கிறது.

தனியாக நின்று சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.
நடுச்சுவர் மெல்லியது.
அவள் இருமல் எனக்கு, என் சுத்தியல் அவளுக்கு.
டொக் டொக் என்று தட்டினாள்.
பிறகு, நாங்கள் அக்கம்பக்கமான ஐந்து மாதத்தில்
முதல் முறையாய்
வீட்டுச்செருப்போடு என் பாதிக்குள் வந்தாள்.
குனிந்து படித்தாள். விரல்விட்டு எண்ணினாள்.
"என் பக்கமும் இதே கோணல்தான்" என்றாள்.
"டோனி கட்டிலைத்தான் குற்றம் சொல்வான்.
அதன் கால்களை மாற்றி மாற்றி அறுத்து
கடைசியில் மெத்தை தரைக்கே வந்துவிட்டது."
டோனி இப்போது இல்லை.
கட்டில் இருக்கிறதாம்.

நான் நேராக்கிவிட்டேன்.
கவித்துவம் வேறு, ஜனவரிக் காற்று வேறு.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒன்று.
மருந்தின் அளவை இரண்டுபேர் பார்த்துக்
கையெழுத்துப் போட்டால்தான் ஊசியில் ஏற்றுவோம்.
அந்தப் பழக்கத்தில்
பழைய கணக்குக்குக் கீழே என் கணக்கை எழுதி
பென்சிலை அவளிடம் நீட்டினேன்.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு
தெ. கி. என்று போட்டாள்.
பக்கத்தில் பூங்கோதை, தேதி.
அதன்மேல் பலகையை அடித்து மூடினோம்.
நான்கு ஆணி எனக்கு, இரண்டு அவளுக்கு.

செப்டம்பர் கடைசியில்
வெயில் ஒரு வாரம் மிச்சமிருந்தது.
வாசலில் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.
வேலி ஓரம் வந்து எட்டிப் பார்த்தாள்.
"மஞ்சளா?"
வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை பணி முடிந்து வந்தபோது
ஏணி அவள் சுவரில் சாய்ந்திருந்தது.
பச்சை முடிகிற இடத்தில்
கூரையடியிலிருந்து படிக்கட்டுவரை
நீல நாடா ஒட்டப்பட்டிருந்தது,
கொஞ்சம் கோணலாக.